காற்றுக்கு எதிரே விழுந்தவன்

இருளாண்டியின் தலை மூன்று இடத்தில் பிளந்திருந்தது. அவன் போட்டிருந்த இரும்புத் தொப்பியில் ஒரு கீறல்கூட இல்லை.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிப் பிணவறையில் துப்பறிவாளன் சோலையப்பன் அந்தத் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தாடைக்குக் கீழே மாட்டும் வார் அறுந்திருக்கவில்லை. பொறுமையாகக் கழற்றி விடப்பட்டிருந்தது.

“தொப்பி தப்பிச்சிருச்சு, தலைதான் மாட்டிக்கிச்சு,” என்றான் ராக்கன். முன்னாள் லாரி டிரைவர்; இப்போது சோலையப்பனின் உதவியாள். கதவோரமாக நின்று துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தான். “இப்படி ஒரு விசுவாசம் கெட்ட தொப்பிய நான் பார்த்ததே இல்லண்ணே.”

மேஜர் முத்துராமன் சிரிக்கவில்லை. இரண்டு நாளாக அவர் சவரம் செய்யவில்லை.

சீனாவோடு நடந்த சண்டைக்கு மறுவருஷம், ஆடி மாதம் அது. பாராசூட் பயிற்சிக்காக மருதன்வயல் பொட்டலில் பதினாறு சிப்பாய்களை விமானத்திலிருந்து இறக்கினார்கள். எந்த மைதானம், எவ்வளவு நீளம், விமானம் ஆளை எங்கே விட வேண்டும் என்ற அத்தனை கணக்கும் மேஜருடையது. பதினைந்து பேர் இறங்கினார்கள். கடைசி ஆளான லான்ஸ் நாயக் இருளாண்டி, மேற்கே அரை மைல் தள்ளி ஒரு செம்புராங்கல் குழிக்குள் பாராசூட்டோடு பிணமாகக் கிடந்தான். சின்ன மைதானத்தில் அதிகம் பேரை இறக்கப்போய், ஓரத்தில் வந்தவனைச் சூறைக்காற்று தூக்கிப் பாறையில் அறைந்துவிட்டது என்று ராணுவ விசாரணைக் குழு நினைத்தது. மறுநாள் காலை முடிவைச் சொல்லப்போகிறார்கள்.

“என் வேலை போகட்டும், சோலையப்பன்,” என்றார் மேஜர். “இவனை நான் கொன்னேனா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“பூமி ஒரு தடவைதான் சார் அடிக்கும். மூணு தடவை அடிக்கிறது மனுஷன்.” சோலையப்பன் பிணத்தின் பூட்ஸைத் தூக்கி அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினான். பள்ளங்களில் கறுப்பு மண் அப்பி இறுகியிருந்தது. “கல்குழியில என்ன மண்ணு?”

“சுத்தச் சிவப்பு.”

“இது கண்மாய் வண்டல். செத்து விழுந்தவன் பூட்ஸுல இது எப்படி ஏறும்? இவன் உயிரோட இறங்கியிருக்கான். தொப்பியக் கழட்டிட்டு நின்னிருக்கான். அப்புறம்தான் அடி விழுந்திருக்கு. எங்க இறங்கினான்னு ஒங்க கணக்கு சொல்லுமா?”

மேஜர் பிணத்தின் முகத்தை முதல்முறையாக நேரே பார்த்தார். “சொல்லும்.”

* * *

மருதன்வயல் பொட்டலில் மேற்குக் காற்று பேய் பிடித்தது போல அடித்தது. புழுதி கண்ணில் அறைந்தது. தெற்கு வடக்காக நீண்டு கிடந்த வெட்டவெளியின் வடக்கு எல்லையில் கண்மாய்க் கரை மறித்து நின்றது. கரைக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று இங்கிருந்து தெரியவில்லை.

“குடையோட குதிச்சவன் நேரா கீழே வரமாட்டான்,” என்றார் மேஜர். “காத்து தள்ளும். எவ்வளவு தள்ளும்கிறதுக்கு ஒரு கணக்கு உண்டு. எண்ணூறு அடி உயரம், அதை எட்டுன்னு எடுத்துக்குவோம். காற்றோட வேகம் பன்னிரண்டு. எங்க குடைக்குன்னு ஒரு எண் உண்டு, மூணு. எல்லாத்தையும் பெருக்கினா முந்நூறுக்குப் பக்கம் வரும். ஏறக்குறைய அத்தனை கெஜம் கிழக்கே தள்ளும். அதனால விமானம் மைதானத்துக்கு மேலே பறக்கக் கூடாது. முந்நூறு கெஜம் மேற்கே தள்ளிப் பறந்து ஆளை விடணும்.”

“பஸ்ஸுல முன் சீட்டுக்காரன் வெத்தல எச்சி துப்பினா பின் சீட்டுக்காரன் சட்டை செவக்குதே, அந்தக் கணக்கு,” என்றான் ராக்கன்.

“அதேதான்,” என்றார் மேஜர், ஆச்சரியப்பட்டு.

“அப்ப கல்குழி?” என்றான் சோலையப்பன்.

மேஜர் மேற்கே கை நீட்டினார். விமானம் போன பாதைக்கும் மேற்கே, இன்னும் வெகுதூரத்தில், செம்மண் மேடு தெரிந்தது.

“காத்து மேக்கேருந்து வருது. இவன் மேக்க போயிருக்கான்,” என்றான் ராக்கன். “காத்துக்கு எதிரா பறக்க இவன் என்ன அனுமார் பரம்பரையா?”

“நானும் அதையே சொன்னேன். சூறைக்காத்துக்குத் திசை கிடையாதுன்னுட்டாங்க. பிணம் அங்கே கிடக்கும்போது என் பெருக்கலை யார் நம்புவாங்க?”

“காத்து மேக்கேருந்துதான் வந்துச்சுன்னு உறுதியா தெரியுமா?”

“தெரியும். புகை டப்பா கொளுத்திப் பார்க்கிறது வழக்கம். முந்தின நாள் ஒத்திகையில் வெள்ளையா நல்லாப் புகைஞ்சது. அன்னைக்கு டப்பா எல்லாம் நமுத்துப்போச்சு. மூங்கில் கழியில் துணி கட்டித்தான் பார்த்தோம். துணி கிழக்கேதான் பறந்தது.”

“என்னையக் கூப்பிட்டிருந்தா ஒரு கட்டு பீடியில காரியத்த முடிச்சிருப்பேன்,” என்றான் ராக்கன்.

சோலையப்பன் வடக்கே நடக்க ஆரம்பித்திருந்தான். “நீளக் கணக்கச் சொல்லுங்க.”

“ஒரு செகண்டுக்கு ஒருத்தன் குதிப்பான். அதுக்குள்ளே விமானம் வடக்கே ஐம்பது கெஜம் தாண்டிடும். பதினாறு பேருக்கு எண்ணூறு கெஜம். இங்கே ஆயிரம் இருக்கு. போதும்.” மேஜரின் குரல் இறங்கியது. “ஆனா கடைசியில இருளாண்டியோட குடை வார் விமானக் கதவுல மாட்டிக்கிச்சு. அதை எடுத்துவிட எட்டு செகண்டு ஆயிருச்சு. இனி குதிக்கக் கூடாதுன்னு சிவப்பு விளக்கு எரிஞ்சிருச்சு. நில்லுன்னு கத்தியும் கேக்காம குதிச்சிட்டான்.”

“ஏன்?”

“கீரமங்கலத்துக்காரன். பொஞ்சாதி பார்க்க வந்திருக்கா, குதிக்காமத் திரும்பினா ஊரே சிரிக்கும்னு காலையிலிருந்து சொல்லிக்கிட்டு இருந்தானாம்.”

எட்டு செகண்டு என்றால் நானூறு கெஜம். சோலையப்பன் மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். அவன் கண் கண்மாய்க் கரையில் போய் நின்றது.

“கரைக்கு அந்தப் பக்கம்,” என்றான். “கண்மாய்க்குள்ள. அவன் இறங்கினத ஏன் யாரும் பார்க்கல?”

“ரெண்டாவதா இறங்கினவனுக்குத் தொடை எலும்பு முறிஞ்சு வெளியே வந்திருச்சு. எல்லாரும் தெற்கு முனைக்கு ஓடினோம். புழுதி வேற. ஒரு மணி நேரம் கழிச்சு கிராம முன்சீப் குழந்தைசாமி ஓடி வந்து, ஒங்க ஆளு கல்குழியில கிடக்கான்னாரு.”

கரையின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் ஏறி வருவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. முப்பது வயதிருக்கும். கண்கள் அழுது ஓய்ந்து கல்லாகியிருந்தன.

“செவந்தி,” என்றார் மேஜர் மெதுவாக. “இருளாண்டியோட சம்சாரம்.”

“நீங்க யாரா இருந்தாலும் சரிங்க, நான் பைத்தியம் இல்ல,” என்றாள் அவள். “பதினஞ்சு கொடை ஒண்ணா எறங்குச்சு. ஒண்ணு மட்டும் பிந்தி, தனியா, இந்தக் கரையத் தாண்டி அங்கிட்டு எறங்குச்சு. ரோட்டுலேருந்து நான் கண்ணால பார்த்தேன். ஓடி வந்தேன். முன்சீப்பு ஆளுக கம்ப வெச்சு மறிச்சுட்டாங்க. போலீஸ்கிட்ட சொன்னா, புருஷன் செத்ததுல புத்தி பெரண்டு போச்சுன்னு முன்சீப்பு சொல்லிட்டாரு.”

“கண்மாய்ப் பக்கம் ஆள் வரக்கூடாதுன்னு நீங்க சொல்லியிருந்தீங்களா சார்?” என்று கேட்டான் சோலையப்பன்.

“இல்லையே! பொட்டலை மட்டும்தான் காலி பண்ணச் சொன்னோம். கண்மாயையும் நானே பார்த்துக்குறேன்னு முன்சீப்தான் சொன்னாரு.”

சோலையப்பன் செவந்தியிடம் திரும்பினான். “நீ பார்த்தது நெசம்தான் தங்கச்சி. எங்க எறங்குச்சுன்னு காட்டு.”

அவள் அதன் பிறகுதான் எழுந்தாள்.

* * *

கண்மாய் வறண்டு கிடந்தது. பாளம் பாளமாக வெடித்த கறுப்பு வண்டல், அங்கங்கே கருவேலம் புதர். மேஜர் விமானப் பாதையைக் கண்ணால் பிடித்து, அதிலிருந்து கிழக்கே நடந்து வந்தார். செவந்தி கரையிலிருந்து தன் நினைவைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் வந்த இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்து நின்றார்கள்.

அந்த இடம் உழப்பட்டிருந்தது.

சுற்றிலும் கட்டாந்தரை. நடுவில் ஒரு கூடம் அளவுக்கு மட்டும் புத்தம் புது ஏர்ச்சால்.

“கண்மாய் உள்வாயில, மழை இல்லாத ஆடியில, இத்துனூண்டு எடத்துல உழவு,” என்றான் ராக்கன். “எதுக்கு? மீனு வெதைக்கவா?”

செவந்தி முழந்தாளிட்டு மண்கட்டிகளைப் புரட்டினாள். ஒரு கட்டியின் அடியில் துருநிறக் கறை. இன்னொன்றின் அடியில் இன்னும் பெரிய கறை. மூன்றாவதைப் புரட்டியபோது அதில் முடி ஒட்டியிருந்தது. அவள் கத்தவில்லை. அந்தக் கட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

கருவேலம் புதர் சரசரத்தது.

ராக்கன் திரும்புவதற்குள் அருவாள் இறங்கிவிட்டது. கழுத்துக்கு வந்த வெட்டை அவன் இடது கையை உயர்த்தி வாங்கினான். முழங்கைக்குக் கீழே சதை திறந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அப்புறம்தான் ரத்தம் பீறிட்டது. வெட்டியவன் கரிய, தடித்த ஆள். இரண்டாவது வெட்டுக்கு ஓங்கினான். சோலையப்பன் தலையைக் குனிந்து அவன் வயிற்றில் மோதினான். இருவரும் மண்கட்டிகள் மேல் உருண்டார்கள். அருவாள் பறந்து போய்ச் செவந்தியின் அருகே விழுந்தது. அவன் கட்டைவிரல்கள் சோலையப்பனின் குரல்வளையில் பதிந்தன. கண் இருட்டியது.

“மூக்கா!” என்று அலறினாள் செவந்தி. “இவன் முன்சீப்பு வீட்டு ஆளு!”

மேஜர் பாய்ந்து அவனைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். மூக்கன் உதறிக்கொண்டு எழுந்தான். அதே நொடியில் கரைப் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டது.

மூக்கனின் நெஞ்சு சிதறியது. அவன் ஆச்சரியப்பட்டவன் போலக் கரையைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்தது. உழுத மண்ணில் குப்புற விழுந்தான்.

இரட்டைக்குழல் துப்பாக்கியோடு கரைப் பக்கமிருந்து ஓடி வந்தார் முன்சீப் குழந்தைசாமி. வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, மூச்சிரைப்பு.

“நல்லவேளை! ஒரு நிமிஷம் தாமதிச்சிருந்தா ஒங்களக் கொன்னுருப்பான் தம்பி,” என்றார். “எங்கிட்ட வேலை பார்த்த பயதான். மீமிசல்ல தோணியில வார கள்ளத் தங்கத்தக் கடத்துறான்னு காதுல விழுந்துச்சு, போன வாரமே அடிச்சு வெரட்டிட்டேன். இங்க பொதைச்சு வெச்சிருப்பான் போல. பட்டாளத்துப் புள்ளை வந்து நேரா அதுமேல எறங்கிருச்சு. பாவி, அடிச்சே கொன்னுட்டானே!”

மேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் பொருந்தியது. கொலைகாரன் காலடியில் பிணமாகக் கிடந்தான். அவருடைய கணக்கும் சரியாகிவிட்டது.

ராக்கன் துண்டைக் கையில் இறுக்கிச் சுற்றியபடி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: “ரொம்ப நன்றிங்க. குண்டு கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா எனக்கு ஒரு சட்டை மிச்சம்.”

சோலையப்பன் கழுத்தைத் தடவிக்கொண்டு எழுந்து முன்சீப்பைச் சுற்றி மெல்ல நடந்தான். “ஒரே ஒரு சந்தேகங்க. நாளைக்கு விசாரணையில கேப்பாங்க. அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க?”

“மேஜர் ஐயா ஆளுக கூடத்தான். விமானத்துக்கு அடையாளமா வெள்ளத் துணி விரிச்சிருந்தாங்களே, அதுக்குப் பக்கத்துல.”

“குடை மேக்க போனத அங்கேருந்தே பார்த்தீங்களா?”

“நல்லாப் பார்த்தேன். முதல்ல வெள்ளப் புகை விட்டாங்க. அது திடீர்னு சுழிச்சுக்கிட்டு மேக்கால சாஞ்சுச்சு. சூறக்காத்து! அந்தப் புகை போன பக்கமே குடையும் போச்சு.”

மேஜர் தலையை நிமிர்த்தினார்.

“அன்னைக்குப் புகையே வரலை, முன்சீப்,” என்றார். “டப்பா எல்லாம் நமுத்துப்போச்சு. நீங்க ஒத்திகையைப் பார்த்துட்டுச் சொல்றீங்க.”

காற்று ஊளையிட்டது.

“குடை மேக்க போனதாச் சொன்னவரு நீங்க,” என்றான் சோலையப்பன். “கண்மாய்ப் பக்கம் ஆள் வராம மறிச்சவரும் நீங்க. பட்டாளத்தைச் சாக்கு வெச்சு ஊரையே வெரட்டி விட்டுட்டா, பட்டப்பகல்ல தங்கத்தத் தோண்டி எடுக்க அதைவிட வசதியான நாள் கிடைக்குமா? எல்லாம் சரியா நடந்துச்சு. வானத்துலேருந்து ஒருத்தன் வந்து எறங்குவான்னு மட்டும் நீங்க எதிர்பார்க்கல. இப்ப மூக்கன் வாயத் தெறந்தா ஆபத்து. அதனால முதல் குண்டு அவனுக்கு.”

“ரெண்டாவது ஒனக்கு,” என்றார் குழந்தைசாமி. அவர் குரல் மாறவே இல்லை. துப்பாக்கி மட்டும் திரும்பியது.

ஆனால் பேசிக்கொண்டே நடந்த சோலையப்பன் இப்போது அவருக்கு மேற்கே நின்றான். காற்று அவன் முதுகைத் தள்ளியது. சட்டென்று குனிந்து இரண்டு கையாலும் புழுதியை வாரி வீசினான். மேற்குக் காற்று அதை அப்படியே கொண்டுபோய் முன்சீப்பின் கண்ணில் கொட்டியது.

துப்பாக்கி வெடித்தது. மேஜர் தொடையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சோலையப்பன் பாய்ந்து குழலைப் பற்றி முறுக்கினான். மணிக்கட்டு ஒடிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. துப்பாக்கிக் கட்டையால் வாயில் ஓர் அடி. குழந்தைசாமி பல்லும் ரத்தமுமாக மல்லாந்து விழுந்தார்.

அவர் கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது செவந்தி அவர் மேல் நின்றாள். கையில் மூக்கனின் அருவாள்.

“அவரு என்ன சொன்னாரு?” என்று கேட்டாள்.

“ஆத்தா... விட்டுரு ஆத்தா...”

“கீழ எறங்குனதும் என்ன சொன்னாரு? சொல்லு.”

குழந்தைசாமி அருவாளைப் பார்த்தார். உடைந்த வாயால் குழறினார். “சிரிச்சான். நின்ன காலோட எறங்கிட்டேன்னான். தொப்பியக் கழட்டி ஆட்டினான். ரோட்டுல எம் பொஞ்சாதி நிக்கிறா, மேலேருந்தே பார்த்துட்டேன், யாராச்சும் போயிக் கூட்டிட்டு வாங்கன்னான்... அப்புறம்தான் குழியப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. அடிச்சுப் போடுன்னு நான் சொன்னேன், மூக்கன் கடப்பாரைய எடுத்தான். முதல் அடியில சாகல...”

அருவாள் மேலே போனது.

“தங்கச்சி!” என்றான் சோலையப்பன். கிட்டே போகத் துணியவில்லை. “இவனும் செத்துட்டா, சூறக்காத்துதான் கொன்னுச்சுன்னு எழுதி மூடிருவாங்க. ஒம் புருஷன் பேச்சக் கேக்காமக் குதிச்சுச் செத்தான்னு இருந்துரும். இவன் பேசணும்.”

செவந்தியின் கை வெகுநேரம் மேலேயே நின்றது. பிறகு அருவாளைத் திருப்பிப் பிடித்தாள். அதன் தடித்த முதுகு குழந்தைசாமியின் முழங்காலில் முழு பலத்தோடு இறங்கியது. அவர் போட்ட கூச்சலில் கருவேலத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின.

“பேசட்டும்,” என்றாள். “ஆனா ஒரு நாளும் நடக்கக் கூடாது.”

ராக்கன் ஒற்றைக் கையால் மேஜரின் ஜீப்பை ஓட்டினான். பின்னால் மேஜரும் அவரைச் சுட்டவரும் ஒருவர் ரத்தத்தில் ஒருவர் நனைந்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

மறுநாள் விசாரணைக்கு மேஜரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். குழந்தைசாமியையும் அப்படியே. அவர் பேசினார். முன்சீப் வீட்டு மாட்டுக்கொட்டகையிலிருந்து போலீஸ் தங்கத்தைத் தோண்டியெடுத்தது. பிணத்தை மறைத்துக் கொண்டுபோன வைக்கோல் வண்டியையும் கைப்பற்றியது. மரணத்துக்குக் காரணம் கொலை என்று விசாரணைக் குழு எழுதியது. மேஜருடைய கணக்கில் பிழையில்லை என்றும் தனியாக ஒரு வரி சேர்த்தது. அதைப் படித்துக் காட்டியபோது மேஜர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இருளாண்டியை அவனோடு குதித்தவர்கள் ராணுவ லாரியில் கீரமங்கலத்துக்குக் கொண்டுபோனார்கள். செவந்தி முன் சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னாள். வீட்டு வாசலில் சொந்தக்காரப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அவள் லாரியிலிருந்து இறங்கி, கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினாள்.

“முதல்ல இதக் கேளுங்க,” என்றாள். “அவரு விழுந்து சாகல. நின்ன காலோட எறங்கினாரு.”

அதன் பிறகுதான் அவர்களை அழ விட்டாள்.